மந்தி மூன்று போய்விட்டதா?

— அவ போயிட்டாளா இல்லையா? அதை மட்டும் சொல்லு மாப்ள.

— யாரு மாமா?

— யாரா? மந்தி மூணு! நம்ம ஆத்தங்கரைக் கூட்டத்துல இருக்கற மூணாம் நம்பர் மந்தி. கூட்டத்தை விட்டுக் கிளம்பிட்டாளா?

— ஓ, அதுவா... மொதல்ல அந்தக் காப்பியைக் குடிங்க மாமா. ஆடை படிஞ்சு போச்சு.

— காப்பி எங்கேயும் ஓடிடாது. மணி நாலு ஆகுது. அஞ்சுக்குள்ள அந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் பதில் போகணும். இருபத்திரண்டு வருஷம் லங்கூர் குரங்கு பின்னாடியே நாயா பேயா அலைஞ்சதுக்கு, இன்னைக்குத்தான் ஒருத்தன் கதவைத் திறந்திருக்கான். ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கார். "ஐயா, மந்தி மூன்று கூட்டத்தை விட்டுப் போகும்னு முன்கூட்டியே எழுதியிருக்கீங்க. போச்சா?" அவ்வளவுதான். போச்சுன்னா அச்சுல ஏறும். போகலைன்னா குப்பைக்கூடை.

— அப்ப அவ போகணும்னு ஆசைப்படறீங்க.

— ஆசையா? தினமும் வேண்டிக்கிறேன் மாப்ள! கடவுளே, மந்தி மூணு நல்லபடியா கிளம்பிப் போயிடணும்னு.

— ஐயையோ மாமா, வாயில நல்ல வார்த்தை வரட்டும்.

— இதுல என்னடா கெட்ட வார்த்தை? குறிச்சுக்கோ. நம்ம வகை லங்கூர்ல, ஆண் குரங்கு, அதாவது கடுவன்தான் கூட்டத்தை விட்டுப் போகும். மந்தி போகாது. பொறந்த எடத்துலயே அம்மா, அக்கா, சித்தின்னு சேர்ந்து இருக்கும். இதுதான் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. நான் என்ன கண்டுபிடிச்சேன்? மந்தியும் போகும். என்னைக்குப் போகும்னு நாள் குறிச்சே சொல்லலாம்.

— கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறதைப் பாத்திருக்கேன். இதுக்கெல்லாம் எப்படி மாமா நாள் குறிக்கிறீங்க?

— எல்லாம் உன் குறிப்பை வெச்சுத்தான்! இந்த எட்டு மாசமா நீ டேப்லெட்ல ஏத்தி அனுப்பறியே, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரு என்ன பண்றாங்கன்னு, அது குறிப்பில்ல மாப்ள, காவியம். அதுக்கு முன்னாடி நீ எழுதினதெல்லாம் எப்படி இருக்கும்? "குரங்கு மரத்தில். குரங்கு இலை தின்கிறது. குரங்கைக் காணோம்." திடீர்னு எங்கேருந்துடா வந்தது உனக்கு இந்தக் கண்ணு?

— விஷயம் என்னன்னா மாமா...

— இரு, படிச்சுக் காட்டறேன். கண்ணாடி எங்கே? இங்கதானே வெச்சேன்... மேஜை மேல இல்ல... இந்தப் பைலுக்கு அடியில...

— தலையில இருக்கு மாமா.

— ஆங். கேளு. "காலை எட்டு முப்பது. கடுவன் ஏழு இரண்டு வட்டமான பளபளப்புப் பொருள்களைத் தேடுகிறது. இருபது நிமிடம் தேடியது. அவை அதன் தலையிலேயே இருந்தன."

— ம்... அதைப் படிச்சப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலையா மாமா?

— தோணாம? காஞ்ச விதை ஓடு! ரெண்டு விதை ஓட்டை எடுத்துத் தலையில சூடிக்குது. அலங்காரப் பொருள் பயன்படுத்தற மொத லங்கூர்! அதுக்கே தனியா ஒரு பகுதி எழுதியிருக்கேன்.

— விதை ஓடு.

— பின்ன என்ன, மூக்குக் கண்ணாடியா போட்டுக்கும் குரங்கு? இதைக் கேளு. "ஒன்பது மணி. கடுவன் ஏழு ஒளிரும் தட்டைப் பொருளின் முன் உட்கார்ந்து விரல்களால் தட்டுகிறது. ஒன்பது பத்து. அதே. ஒன்பது இருபது. அதே. மதியம் இரண்டு. அதே." இது என்ன தெரியுமா?

— நீங்களே சொல்லுங்க மாமா. நான் வாயைத் திறந்தா வம்பு.

— பாறையில தேங்கின தண்ணி. வெயில் பட்டா மினுங்கும். அதுல தன் மூஞ்சியைத் தானே பாத்துக்குது. அஞ்சு மணி நேரம்! தன்னைத் தானே உணர்ந்த ஜீவன் மாப்ள அது.

— தன்னை உணர்ந்த மாதிரி எனக்குத் தெரியல மாமா.

— உனக்கு எங்கே தெரியப் போகுது. சத்தத்தைப் பத்தி எழுதியிருக்கியே, அதுதான் உச்சம். "மந்தி மூன்று குரல் கொடுத்தது. கடுவன் 'ம்' என்றது. மந்தி மீண்டும் குரல் கொடுத்தது. கடுவன் 'ம்' என்றது. மந்தி எதிரே வந்து நின்று குரல் கொடுத்தது. கடுவன் 'ம்' என்றது." சாதாரணமா ஒரு கடுவன் எப்படிக் கத்தும்? "ஊப், ஊப்"புன்னு பள்ளத்தாக்கே அதிரும். இது ஒண்ணுதான் 'ம்'. நான் அதுக்குப் பேர் வெச்சிருக்கேன். 'குறைந்தபட்ச ஒப்புதல் ஒலி'.

— பேரு நல்லாத்தான் இருக்கு.

— ஒரே ஒரு குறை. எட்டு மாசமா விட்டை வரல. ஒரு பாட்டில் கூட வரல. கடுவன் ஏழோட விட்டை இருந்தா ரசாயனப் பரிசோதனை பண்ணி, அதுக்கு மனக்கவலை இருக்கா இல்லையான்னே சொல்லிடலாம். பத்து வருஷமா வெறுங்கையால அள்ளினவன்தானே நீ? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?

— சங்கடமா இருந்துச்சு மாமா.

— குரங்குகிட்ட என்னடா சங்கடம்?

— அது உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குது.

— என்னது?

— மறைவா போயிடுதுன்னு சொல்ல வந்தேன்.

— சரி விடு. இப்ப விஷயத்துக்கு வா. இந்தக் கோட்டைப் பாரு. இது மந்தி மூணு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடுவன் கிட்ட வருதுங்கற கோடு. மொத மாசம் பதினாலு தடவை. கிட்ட வருது, முதுகை நீவி விடுது, தின்ன ஏதாவது கொண்டாந்து வெக்குது. மந்தி கடுவனுக்குக் கொண்டாந்து வெக்கிறதை எந்தக் காட்டுல யாரு பாத்தா? கடுவன் என்ன பண்றான்? ஒண்ணும் இல்ல. மூணாவது மாசம் பத்து. அஞ்சாவது மாசம் ஆறு. போன மாசம் ரெண்டு. இப்படியே கோட்டை நீட்டினா, தரையைத் தொடற நாள் எது?

— எது மாமா?

— இன்னைக்கு! இன்னைக்குப் பூஜ்யம். பூஜ்யம் ஆன அன்னைக்கு மந்தி கிளம்பும். இதுதான் என் விதி. அதனாலதான் கேக்கறேன், போயிட்டாளா?

— போகாம இருக்க வழியே இல்லையா மாமா உங்க விதியில?

— எப்படி இருக்கும்? அந்தக் கடுவன் ஒரு மரக்கட்டை மாப்ள! சத்தியமா சொல்றேன், குரங்குக்கு நான் பரிதாபப்படக் கூடாது, நான் விஞ்ஞானி. ஆனா போன மாசம் பதினாலாம் தேதி குறிப்பைப் படிச்சுட்டு இதே நாற்காலியில உக்காந்து அழுதேன். "மந்தி மூன்று தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு வந்தது. கடுவன் பார்க்கவில்லை. மந்தி அதன் எதிரே இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தது. கடுவன், 'வெளிச்சத்தை மறைக்காதே' என்பதுபோல் கையை அசைத்தது."

— அதுல உங்களுக்கு எதுவுமே... லங்கூர் முடி வெட்டிக்குமா மாமா?

— இன்னொரு மந்தி பல்லால கடிச்சு விட்டிருக்கும். அதுவா முக்கியம்? அந்தப் பொண்ணு ரெண்டு தடவை நடந்திருக்கா மாப்ள. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அவன் கண்ணு என்ன பொட்டையா? நான் மட்டும் அங்க இருந்திருந்தா அவன் பொடனியில ஒண்ணு போட்டிருப்பேன்.

— மாமா, அந்தப் பத்திரிகைக்குப் பதில் அனுப்பாதீங்க.

— ஏன்?

— ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. வேணாம் மாமா.

— பழமொழி சொல்ற நேரமாடா இது? நாலு பத்து ஆச்சு!

— சொல்லிடறேன். நம்ம தொங்குபாலம் இருந்துச்சில்ல, ஆத்து மேல. அது மழையில அடிச்சுக்கிட்டுப் போச்சு.

— எப்ப?

— எட்டு மாசம் ஆச்சு.

— எட்டு மாசமா? எங்கிட்ட ஏன் சொல்லல?

— அன்னைக்கே வந்து சொன்னேன் மாமா. இந்த எடத்துலதான் நின்னேன். சொட்டச் சொட்ட நனைஞ்சு நின்னேன். "பாலம் போயிடுச்சு, கூட்டம் மொத்தமும் அக்கரையில மாட்டிக்கிச்சு, இனிமே ஒரு குரங்கைக் கூடப் பாக்க முடியாது"ன்னு சொன்னேன்.

— நான் என்ன சொன்னேன்?

— "ம்"னு சொன்னீங்க.

— சரி, ஏதோ யோசனையில இருந்திருப்பேன். அப்புறமும் குறிப்பு வந்துதே? தினமும் வந்துதே? கூட்டம் அக்கரையில, நீ இக்கரையில. எட்டு மாசம் என்னத்தைடா பாத்து எழுதினே? புளுகினியா?

— அம்மா சத்தியமா ஒரு எழுத்துப் புளுகு இல்ல மாமா! கண்ணால பாத்தது. நாள், நேரம் எல்லாம் அச்சு அசல். நீங்கதானே சட்டம் போட்டீங்க, எந்தக் கட்டமும் காலியா இருக்கக் கூடாது, காலியா இருந்தா ஆளையே மாத்திடுவேன்னு? நீங்கதானே பாடம் எடுத்தீங்க, மனுஷனும் குரங்கு இனத்துல ஒரு பிரிவுதான்னு?

— சொன்னேன். அதுக்கு?

— கட்டம் நிறையணும். பக்கத்துல எது இருக்கோ அதைத்தானே மாமா பாக்க முடியும்.

— இக்கரையில ஏது லங்கூர்? இந்த நிலையத்துல இருக்கறதே மூணு அறை, ஒரு சமையல்கட்டு.

— ஆமா. மூணு அறை. நடு அறையில ஒரு கடுவன்.

— நடு அறை என் அறை.

— ஆமா மாமா.

— என் அறைக்குள்ள எட்டு மாசமா ஒரு லங்கூர் இருந்து நான் கவனிக்கலையா?

— நீங்க ஒருத்தர்தான் மாமா கவனிக்கல.

— எங்கே உக்காந்திருந்தது?

— உங்க நாற்காலியில.

— அப்ப நான் எங்கே இருந்தேன்?

— நீங்களும் அதே நாற்காலியிலதான்.

— ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில எப்படிடா...

— மாமா? மூச்சு விடுங்க மாமா.

— கடுவன் ஏழு.

— ஆமா.

— ஒளிரும் தட்டைப் பொருள்.

— உங்க கம்ப்யூட்டர்.

— "தொலைவிலிருந்து குட்டியின் குரல் கேட்கிறது. மந்தி நீட்டியது. கடுவன் பிறகு என்று சைகை செய்தது."

— உங்க பொண்ணு மாமா. காலேஜ்லேருந்து போன் பண்ணுச்சு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பண்ணும். புள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சதும்பாங்க. இங்க குரங்கு பிடிக்கப் போயி நீங்க வந்து முடிஞ்சுட்டீங்க.

— ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருக்குன்னு போட்டிருக்கே. அதுவுமா நான்?

— அது சராசரி மாமா. லீவு நாள்ல பதிமூணு.

— அபாண்டம்! "பின்புறத்துத் தோல் தடித்து, நெடுநேரம் உட்கார்வதற்கு ஏற்றபடி அமைந்துள்ளது"ன்னு என்னைப் போய்...

— அது எங்க குறிப்புல இல்ல மாமா. நீங்களா கட்டுரையில சேத்தது.

— இதுக்கு உனக்கு எவ்வளவு தைரியம்! எட்டு மாசம் ஜன்னல் வழியா ஒளிஞ்சு நின்னு என்னை வேவு பாத்திருக்கே!

— நான் பாக்கல மாமா.

— பின்ன?

— எனக்கு ஏது அந்தக் கண்ணு? இப்பத்தானே நீங்களே கேட்டீங்க, திடீர்னு எங்கேருந்து வந்துச்சுன்னு.

— யாரு எழுதினது?

— அக்கா.

— உங்க அக்காவா?

— எனக்கு ஒரே அக்காதான் மாமா. உங்களுக்குக் கட்டிக் குடுத்தது. உங்க கூட காட்டுல பதினோரு வருஷம் மழை, அட்டை, முள்ளுன்னு பாக்காம உக்காந்து குறிப்பு எடுத்தது. அந்தக் கண்ணு எங்கே மாமா போகும்? பாலம் போன அன்னைக்கு நான் சமையல்கட்டுல தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். டேப்லெட்டை வாங்கிக்கிச்சு. "குடு, நான் ரொப்பறேன், என் கண்ணு முன்னாடியும் ஒரு கடுவன் இருக்கு"ன்னுச்சு. விளையாட்டுக்குத்தான். சாயங்காலம் நீங்க வந்து சொன்னீங்க, "மாப்ள, இன்னைக்குக் குறிப்பு அற்புதம்"னு. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிச்சுது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரிச்சுது.

— அப்ப மந்தி மூணு...

— அக்காதான்.

— ஏன் மூணு? வீட்டுல இருக்கறது அவ ஒருத்திதானே?

— நானும் கேட்டேன். "ஆராய்ச்சி ஒண்ணு, கம்ப்யூட்டர் ரெண்டு. எனக்கு முன்னாடி இன்னும் யாராவது இருந்தா நம்பரை மாத்திக்கலாம்டா"ன்னுச்சு.

— எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே மாப்ள? ஒரு வார்த்தை. நான் என்ன கல்லா?

— சொல்லுச்சு மாமா. நீங்க 'ம்'னீங்க. காலண்டர்ல எழுதி வெச்சுது. நீங்க தேதியைக் கிழிச்சுப் போட்டீங்க. ஒரு நாள் கடிதாசியே எழுதி உங்க மேஜையில வெச்சுது. நீங்க அதுக்குப் பின்னாடி இலை வகை எல்லாம் பட்டியல் போட்டு எங்கிட்ட குடுத்தீங்க. அதுக்கப்புறம்தான் சொல்லுச்சு, "அந்த மனுஷன் வரி விடாம படிக்கற காகிதம் உலகத்துல இது ஒண்ணுதான்டா"ன்னு. அன்னைக்கு விளையாட்டு முடிஞ்சுது.

— நான் படிச்சேன் மாப்ள. ஒரு வரி விடல. அழுதேன்கூட. அந்த முடி வெட்டின அன்னைக்கு...

— அக்கா பாத்துச்சு. அதுவும் குறிப்புல இருக்கே. "கடுவன் ஏழு ஒளிரும் பொருளைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. மந்தி அருகிலேயே நின்றிருந்தது. காரணம் தெரியவில்லை."

— கண்ணு நோய்னு எழுதிட்டேன்டா அதை. அடிக்குறிப்புல போட்டிருக்கேன்.

— படிச்சேன் மாமா.

— இப்ப என்ன பண்றது? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இரு. இன்னைக்கு. இன்னைக்குக் காலையிலேருந்து அவ இந்த அறைக்கு எத்தனை தடவை வந்தா?

— மாமா...

— நான் எங்கே பாத்தேன், எனக்குத் தெரியாது, நீ சொல்லு. இந்தக் காப்பியைக் கொண்டாந்து வெச்சாளே, அது ஒண்ணு. ஒண்ணுன்னா பூஜ்யம் இல்ல. விதி தப்பு!

— காப்பி நான் கொண்டாந்தது மாமா.

— மத்தியானச் சாப்பாடு?

— அதுவும் நான்தான்.

— அவ எங்கே? இந்நேரம் சமையல்கட்டுல ஒரு சத்தமாவது கேக்குமே. இல்லே, நான் என்னைக்குக் கேட்டேன். கேக்குமா? சொல்லேன்டா, வழக்கமா கேக்குமா?

— வழக்கமா கேக்கும் மாமா. இன்னைக்கு... இதோ, அக்காவே வந்துட்டா.

— என்னங்க.

— வா. வாம்மா. உக்காரு. இந்த நாற்காலியில உக்காரு, நான் எந்திரிச்சுட்டேன் பாரு.

— பாத்தேன். நாலு நாப்பது. கடுவன் நின்னுக்கிட்டிருக்கு. இந்த நேரத்துல நின்னு இப்பத்தான் மொத தடவையா பாக்கறேன்.

— அது என்ன கையில பெட்டி?

— பெட்டிதாங்க. விதை ஓடு இல்ல.

— அக்கா, மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டாதே.

— வாசல் வரைக்கும் கேட்டுச்சுடா. நீ போய் வண்டி வந்துச்சான்னு பாரு. இல்ல, இரு. சாட்சிக்கு ஒருத்தன் இருக்கட்டும். என்னங்க, அஞ்சு மணிக்குப் பதில் அனுப்பணும்னீங்களே, அனுப்பிட்டீங்களா?

— அனுப்ப மாட்டேன். அந்தக் கட்டுரை தப்பு. சுத்தத் தப்பு. ஒரே ஒரு கடுவன், ஒரே ஒரு மந்தி, அதை வெச்சு எவனாவது விதி எழுதுவானா? பள்ளிக்கூடத்துப் பையன் கூடச் சிரிப்பான்.

— அம்பத்தாறு பக்கம் எழுதியிருக்கீங்க. "அவதானிப்பு மிக உயர்ந்த தரம் கொண்டது. முடிவில் ஐயத்துக்கு இடமில்லை."

— ஐயம் இருக்கு! நிறைய இருக்கு! கோட்டை நீட்டினது தப்பு. கோடு அப்படியே தரையைத் தொட்டுத்தான் ஆகணும்னு என்ன சட்டம்? கடைசி நாள்ல மேல ஏறலாம். கடுவன் திருந்தலாம்.

— அதையும் எழுதியிருக்கீங்க. "இத்தகைய கடுவன் நடத்தையை மாற்றிக்கொள்வதற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை."

— எழுதினவன் மடையன். குறிச்சுக்கோ. அவன் பொடனியில போடணும்னு நானே சொன்னேன், உன் தம்பியைக் கேளு.

— சொன்னாரு அக்கா. கண்ணு பொட்டையான்னும் கேட்டாரு.

— முடி நல்லா இருக்கு. கழுத்து வரைக்கும் வெட்டியிருக்கே. ரொம்ப நல்லா இருக்கு.

— ஒரு மாசம் ஆச்சுங்க. மறுபடி வளரவே ஆரம்பிச்சுடுச்சு.

— போகாதேம்மா. நீ இல்லாம எனக்கு... இருபது வருஷமா குரங்கு என்ன நினைக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன், நீ என்ன நினைக்கறேன்னு ஒரு நாள் கேக்கல. தப்புதான். மன்னிச்சிடு. நாளைக்கே பாலத்தைக் கட்டச் சொல்றேன், ரெண்டு பேரும் பழையபடி காட்டுக்குப் போவோம். இந்தக் கம்ப்யூட்டரை ஆத்துல போடு. இப்பவே போடு, நான் பாத்துக்கிட்டே நிக்கறேன்.

— நாலு அம்பது. கடுவன் ஒரே மூச்சுல எட்டு வாக்கியம் பேசுச்சு. எழுதிக்கோடா தம்பி.

— கேலி பண்ணு. எவ்வளவு வேணா பண்ணு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. எட்டு மாசம் ஒரு நாள் விடாம எழுதியிருக்கே. மொத நாள்லேருந்தே போறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் எழுதினியா?

— இல்லீங்க. இருக்கறதுக்குத்தான் எழுதினேன். என்னைக்காவது ஒரு நாள் படிச்சுக்கிட்டே இருக்கறப்ப சுருக்குன்னு உறைக்கும், எந்திரிச்சு சமையல்கட்டுக்கு வருவீங்க, நான் கோவிச்சுக்கற மாதிரி கொஞ்ச நேரம் நடிக்கணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன்.

— நான் வரல.

— நீங்க வரல. போன வாரம் கட்டுரைதான் வந்துச்சு. "எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடு"ன்னு தலை நிமிராம நீட்டினீங்க.

— படிச்சியா?

— வரி விடாம படிச்சேன். நான் போகப் போறேங்கறதே எனக்கு அதைப் படிச்சுத்தாங்க தெரிஞ்சுது.